உப்புக் காற்றில் இரும்பைக் காத்தல்: யாழ்ப்பாணத் தொழிற்கூடங்களுக்கான முழுமையான கறள் வழிகாட்டி

கடற்கரையோரமாக நிற்கும் இரும்புக் கொட்டகை ஒன்றைச் சுற்றிவந்து பாருங்கள். மழை நேரே படுகின்ற மேற்புறம் நிறம் மங்கியிருந்தாலும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். மழைத்துளி எட்டாத தாழ்வாரத்தின் உட்புறமும், கூரையைத் தாங்கும் சட்டங்களின் அடிப்பக்கமுமே முதலில் கறள் கட்டி, ஏடு ஏடாகப் பெயரத் தொடங்கியிருக்கும். காற்றுக் கொண்டுவந்து படியவைக்கும் உப்பை மேற்புறத்தில் மாரி மழை கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்தில் அதைக் கழுவுவதற்கு யாருமில்லை. உப்பும் ஈரமும் எங்கே தங்குகின்றன என்பதைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு குறியிட்டு, அதே குறியில் திரும்பத் திரும்ப அளந்து, அந்த எண்களைக் கொண்டு முடிவெடுப்பதே கறள் முகாமைத்துவம். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அதிலிருந்தே பிறக்கின்றன.

ஐஸ் தொழிற்சாலை, மீன் பதனிடும் நிலையம், இறங்குதுறை, எரிபொருள் தாங்கி, உயர்நீர்த் தாங்கி, பாலம் ஆகியவற்றைப் பராமரிப்போரை மனத்திற்கொண்டு இதனை எழுதுகிறேன். குடாநாட்டில் கடலிலிருந்தோ களப்பிலிருந்தோ வெகுதூரம் விலகிய இடமென்று ஒன்று இல்லை. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடிய தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும், களப்பின் மேல் 288 மீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் சங்குப்பிட்டிப் பாலமும், கரையோர மீனவ சங்கத்தின் சிறிய ஐஸ் அறையும் ஒரே உப்புக் காற்றைத்தான் சுவாசிக்கின்றன.

முதலாம் படி: கறள் எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளல்

கறள் ஒரு மின்வேதியியல் நிகழ்வு. இரும்பின் ஒரு புள்ளி அனோட்டாகி அயன்களாகக் கரைகிறது. இன்னொரு புள்ளி கதோட்டாகி அங்கே ஒட்சிசன் தாழ்த்தப்படுகிறது. இரண்டையும் இணைக்க ஒருபுறம் உலோகமும் மறுபுறம் உப்புக் கலந்த நீர்ப்படலமும் வேண்டும். இவற்றில் ஒன்றை அகற்றினாலும் கறள் நின்றுவிடும். பெயின்ற், கதோட்டுப் பாதுகாப்பு (இரும்பு முழுவதையும் கதோட்டாக்கிக் காத்தல்), உலர்த்துதல் என்று நாம் செய்வன யாவும் இந்தச் சுற்றின் ஏதோ ஓர் இடத்தை அறுக்கும் முயற்சிகளே.

உப்பு இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. குளோரைட்டு அயன் இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தை உடைக்கிறது என்பது பலரும் அறிந்தது. காற்றிலுள்ள ஈரத்தை உப்பு தானே உறிஞ்சி நீராகிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தூய சோடியம் குளோரைட்டு ஏறத்தாழ 75 வீத சாரீரப்பதனில் கரைசலாகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு ஏறத்தாழ 33 வீதத்திலேயே கரைசலாகிவிடும். ஆகையால், கைக்குக் காய்ந்ததுபோலத் தோன்றும் இரும்பு கூட, உப்புப் படிந்திருந்தால், பங்குனி வெயிலிலும் நனைந்தே இருக்கிறது. மழையில்லாத காலம் இரும்புக்கு ஓய்வு காலம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். வைகாசி தொடங்கி, தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் உப்புச் சேர்ந்துகொண்டே போகிறது. கழுவும் மழையோ ஐப்பசியில்தான் வருகிறது.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் ஓர் ஏட்டில் ஏற்றல்

தாங்கி, குழாய், தூண், போல்ற், தாங்குசட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். எந்த உலோகம், தொடக்கத் தடிப்பு எவ்வளவு, எந்த ஆண்டு பொருத்தப்பட்டது, உள்ளே என்ன ஓடுகிறது, எந்தத் திசையை நோக்கி நிற்கிறது, மழை படுமா படாதா என்பவை ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே இருக்க வேண்டும். திசையைக் குறிப்பது எங்கள் ஊரில் இன்றியமையாதது. வாடைக்காற்றை எதிர்கொள்ளும் முகமும், சோளகத்தை எதிர்கொள்ளும் முகமும் ஒரே தாங்கியிலேயே வேறுவேறு வேகத்தில் அரிக்கப்படக்கூடும். இந்த வேலைக்கு ஒரு கொப்பியும் ஒரு மாத உழைப்பும் போதும்.

மூன்றாம் படி: சூழலின் கடுமையை அளத்தல்

உங்கள் வளாகத்தின் காற்று எவ்வளவு கொடியது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. மாதிரித் தகடுகளைத் தொங்கவிட்டு அளக்கலாம். 100 மில்லிமீற்றர் அகலமும் 150 மில்லிமீற்றர் நீளமுமான சாதாரண உருக்குத் தகடுகளைச் சுத்தம் செய்து, 0.01 கிராம் வரை நிறுத்து, பிளாஸ்ரிக் பிடிகளில் பொருத்துங்கள். இரும்புக் கம்பியில் கட்டினால் அது வேறொரு கதையாகிவிடும். திறந்த வெளியில் ஒரு தொகுதி, தாழ்வாரத்தின் கீழ் ஒரு தொகுதி, கடலுக்கு மிக அருகில் ஒரு தொகுதி என்று வையுங்கள். ஓராண்டு கழித்து, தடுப்பான் (அமிலம் இரும்பைத் தின்பதைக் குறைக்கும் பொருள்) கலந்த ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கறளைக் கரைத்து மீண்டும் நிறுங்கள். கறளே படாத ஒரு தகட்டையும் அதே அமிலத்தில் இட்டு, அமிலம் தின்ற நிறையைக் கழித்துவிட வேண்டும்.

கணக்கு எளியது. இழந்த நிறையைக் கிராமில் எடுத்து 87,600 ஆல் பெருக்குங்கள். அதனைத் தகட்டின் பரப்பு (சதுர சென்ரிமீற்றர்), மணித்தியாலங்கள், உருக்கின் அடர்த்தியான 7.86 ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை மில்லிமீற்றர் என்பது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, இரு பக்கமும் சேர்த்து 300 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள தகடு 8,760 மணித்தியாலங்களில் 25 கிராம் இழந்தால், விடை ஏறத்தாழ 0.106 மில்லிமீற்றர், அதாவது 106 மைக்ரோமீற்றர்.

இந்த எண்ணை ஐஎஸ்ஓ 9223 நியமத்தின் வகைகளோடு ஒப்பிடலாம். முதலாண்டு இழப்பு 25 முதல் 50 மைக்ரோமீற்றர் வரையெனில் சி3, 50 முதல் 80 வரை சி4, 80 முதல் 200 வரை சி5, அதற்கும் மேல் 700 வரை சிஎக்ஸ். எங்கள் எடுத்துக்காட்டு சி5 வகைக்குள் விழுகிறது. பெயின்ற் நிறுவனங்கள் தமது பூச்சுத் திட்டங்களை இதே வகைகளின் பெயரில்தான் தருகின்றன என்பதால், இந்த ஒரே எண் பின்னர் கொள்வனவின்போதும் கைகொடுக்கும். கடலிலிருந்து தொலைவிலுள்ள கட்டடமொன்றுக்குப் பரிந்துரைத்த பூச்சைக் காங்கேசன்துறைக் கரையில் பூசிவிட்டுப் பின்னர் வருந்துவதைத் தவிர்க்கலாம்.

நான்காம் படி: கண்ணும் கருவியும் கொண்டு சோதித்தல்

கண்ணால் பார்ப்பதைக் குறைத்து மதிக்க வேண்டாம். ஆனால் கண் எங்கே போகவில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் கரையோரக் கிராமமொன்றின் ஐஸ் தொழிற்சாலையில், அமோனியா திரும்பிவரும் குளிர்க் குழாயின் காப்புறையைப் பிரித்தோம். வெளியிலிருந்த அலுமினியத் தகடு பளபளவென்றிருந்தது. அதன் இணைப்பில் ஒரு விரல் நுழையும் அளவு விலகல் மட்டுமே. உள்ளே இருந்த காப்புப்பொருள் பிழிந்தால் நீர் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது; அதன் கீழே கறள், பழைய ஓலைச் சுவடியின் ஏடுகள்போல அடுக்கடுக்காக வீங்கி, விளிம்பில் கருமையாகவும் நடுவே செம்மஞ்சளாகவும் இருந்தது. வேலையை உடனே நிறுத்தி, குழாயை வெறுமையாக்கிய பின்னர் துடைத்து அளந்தோம். 6 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய சுவர் ஓரிடத்தில் 2.3 மில்லிமீற்றராக இருந்தது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் அந்தக் குழாயை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, நல்ல நிலை என்று கையொப்பமிட்டவன் நான். அந்தக் கட்டடத்துக்குள் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். அன்று முதல், காப்புறையைத் திறந்து பார்க்காத குழாய்க்கு எதிரே நான் ‘பார்க்கவில்லை’ என்றே எழுதுகிறேன்.

காப்புறைக்குக் கீழே நடக்கும் இவ்வகை அரிப்பு சாதாரண உருக்கில் மறை 12 பாகை செல்சியசிலிருந்து 175 பாகை வரை கவனிக்கப்பட வேண்டியது. குளிர்ந்தும் சூடேறியும் மாறிமாறி இயங்கும் குழாய்கள் மிக மோசமாகப் பாதிக்கப்படும். எப்போதும் உறைநிலையில் இருப்பவை ஓரளவு தப்பும். ஆகவே ஐஸ் தொழிற்சாலையில், பனி நீக்கத்துக்காக நிறுத்தி இயக்கப்படும் பகுதிகள், காப்புறை முடியும் முனைகள், வால்வுகளின் கழுத்து, தாங்குசட்டத்தின் மேல் குழாய் படுத்திருக்கும் இடம் ஆகியவற்றை முதலில் திறவுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அமோனியாவோ எரிபொருளோ அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குழாயின் தடித்த கறளை ஒருபோதும் சுத்தியலால் தட்டவோ சுரண்டவோ கூடாது. கசிவை அந்தக் கறளே அடைத்துக்கொண்டிருக்கலாம்.

தடிப்பை அளப்பதற்குக் கழியொலித் தடிப்புமானி இன்று நடுத்தரத் தொழிற்கூடமும் வாங்கக்கூடிய கருவி. உருக்கினுள் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 5,900 மீற்றர் வேகத்தில் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு அது தடிப்பைக் கணிக்கிறது. ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன், தடிப்புத் தெரிந்த படிகளுள்ள படிக்கட்டித் துண்டில் அளவைச் சரிபாருங்கள். சாதாரண முறையில் அளந்தால் பெயின்றின் தடிப்பும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும் என்பதால், எதிரொலிக்கும் எதிரொலிக்கும் இடையே அளக்கும் முறை கருவியில் இருந்தால் அதனைப் பயன்படுத்துங்கள். அளந்த இடத்தை ஆணிமுனையால் அல்லாமல் அழியாத பெயின்றால் வட்டமிட்டு இலக்கமிடுங்கள். அடுத்த முறை மூன்று விரல் தள்ளி அளந்தால், முன்னைய எண்ணோடு அதனை ஒப்பிடும் உரிமை உங்களுக்கு இல்லை.

கொங்கிறீட்டுக்கு வேறு வழி. உள்ளேயுள்ள கம்பி கறள் பிடிக்கும்போது அதன் கனவளவு பல மடங்கு பெருகி, கொங்கிறீட்டைப் பிளக்கிறது. வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றிவிட்டது. ஆகவே முன்னரே, செப்பு–செப்புச் சல்பேற்று ஒப்பீட்டு மின்வாயைக் கொண்டு மேற்பரப்பின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மறை 200 மில்லிவோல்ற்றை விட நேர்ப்பக்கமாக இருந்தால் கம்பி அரிக்கப்படாமல் இருப்பதற்கான நிகழ்தகவு 90 வீதத்துக்கு மேல், மறை 350 ஐ விட மறைப்பக்கமாக இருந்தால் அரிக்கப்படுவதற்கான நிகழ்தகவு 90 வீதத்துக்கு மேல், இடைப்பட்டவை ஐயத்துக்குரியவை. உடைத்த இடத்தில் பினோத்தலீன் தெளித்து நிறம் மாறாத ஆழத்தைக் குறித்தால் காபனேற்றம் (காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கொங்கிறீட்டின் காரத்தன்மையைக் குறைத்தல்) எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது தெரியும். தூள் எடுத்துக் குளோரைட்டைச் சோதிப்பதும் அவசியம். சீமெந்தின் நிறையில் ஏறத்தாழ 0.4 வீதம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அபாய எல்லை. சவர்க் கிணற்று நீரால் குழைத்த கொங்கிறீட் அந்த எல்லையை முதல் நாளிலேயே நெருங்கிவிடக்கூடும். கடல் வந்து சேர்வதற்கு அது காத்திருப்பதில்லை.

ஐந்தாம் படி: எதிர்வுகூறல்

முதலாண்டு இழப்பை ஆண்டுகளால் நேரே பெருக்குவது தவறு. கறள் அடுக்குத் தடித்தபின் வேகம் குறையும். ஐஎஸ்ஓ 9224 இதனை அடுக்குவிதியாகத் தருகிறது: முதலாண்டு இழப்பை, ஆண்டுகளின் 0.523 ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். 106 மைக்ரோமீற்றர் இழந்த எங்கள் தகடு, இந்த விதிப்படி 10 ஆண்டுகளில் 1,060 அல்ல, ஏறத்தாழ 353 மைக்ரோமீற்றரையே இழக்கும். பாதுகாப்பான பக்கம் நிற்பதற்கு 0.575 என்ற அடுக்கைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 398 வரும். ஆனால் இவை சராசரி மேற்பரப்பு இழப்புகள். தாங்கி ஒழுகுவது சராசரியால் அல்ல, ஆகவும் ஆழமான ஒரு குழியால். குழி விழும் சூழலில் சராசரியை நம்பி ஆறுதலடைய வேண்டாம். குழிகளின் ஆழத்தைத் தனியாக அளந்து, ஒவ்வொரு பகுதியிலும் மிக ஆழமானதை மட்டும் எடுத்து உச்சப் பெறுமானப் புள்ளிவிபரத்தால் மதிப்பிட வேண்டும்.

குழாய், தாங்கி போன்றவற்றுக்கு எஞ்சிய ஆயுட்காலக் கணக்கு வேண்டும். இப்போதைய தடிப்பிலிருந்து, அழுத்தத்தையும் பாரத்தையும் தாங்கத் தேவையான குறைந்தபட்சத் தடிப்பைக் கழித்து, அரிப்பு வேகத்தால் வகுப்பது அது. தொடக்கத்தில் 7.1 மில்லிமீற்றராக இருந்த குழாய் பத்து ஆண்டில் 6.6 ஆகவும், பதினாறாம் ஆண்டில் 5.7 ஆகவும் இருக்கிறது என்று கொள்வோம். முழுக் காலத்தின் வேகம் ஆண்டுக்கு 0.0875 மில்லிமீற்றர், கடைசி ஆறு ஆண்டுகளின் வேகமோ 0.15. குறைந்தபட்சத் தேவை 4.0 எனில், முதலாவது 19 ஆண்டு ஆயுளைச் சொல்லும், இரண்டாவது 11 ஆண்டைச் சொல்லும். குறைந்த விடையையே எடுங்கள். அதன் பாதிக் காலம் முடிவதற்குள் அடுத்த சோதனையைச் செய்யுங்கள். வேகம் ஏன் கூடியது என்பதையும் கட்டாயம் தேட வேண்டும். பெயின்ற் உரிந்ததா, உள்ளே ஓடும் திரவம் மாறியதா, அயலில் புதிதாக ஏதேனும் செப்புக் குழாய் இணைக்கப்பட்டதா என்ற கேள்விகள் எண்ணைவிடப் பயன் தரக்கூடும்.

ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளிலிருந்து வேகம் கணிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. கருவியும் கையும் சேர்ந்து 0.1 மில்லிமீற்றர் பிழைவிட்டால், அதுவே ஆண்டுக்கு 0.2 மில்லிமீற்றர் என்ற இல்லாத அரிப்பாகத் தோன்றும். விரைவான விடை தேவையெனில், திரவத்தினுள் வைக்கும் மின்தடை உணரி அல்லது நேர்கோட்டு முனைவாக்கல் உணரி வேண்டும். இவற்றில் பின்னையதன் அளவிலிருந்து அரிப்பு மின்னோட்டத்தைக் கணிக்கலாம். இரும்பில் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மைக்ரோஅம்பியர் என்பது ஆண்டுக்கு 11.6 மைக்ரோமீற்றர் இழப்புக்குச் சமம்.

ஆறாம் படி: எதை முதலில் செய்வது

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் திருத்தப் பணம் இராது. பழுதடையும் வாய்ப்பையும், பழுதடைந்தால் வரும் விளைவையும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பிட்டுப் பெருக்கி வரிசைப்படுத்துங்கள். முற்றத்துக் கைப்பிடிக் கம்பி முழுவதும் கறளாக இருக்கலாம். அமோனியாக் குழாய் சிறிதளவே அரிக்கப்பட்டிருக்கலாம். பணம் குழாய்க்கே போக வேண்டும். 1967 டிசம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் வீழ்ந்து 46 பேர் இறந்ததற்குக் காரணம், பாலத்தைத் தாங்கிய சங்கிலியின் ஒரேயொரு கண்சட்டத்தில் (முனையில் துளையுள்ள சட்டம்) ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் ஆழமிருந்த விரிசல். அந்த உறுப்பு போனால் பாரத்தை ஏற்க வேறு உறுப்பு இருக்கவில்லை. உங்கள் கட்டமைப்பிலும் அத்தகைய தனி உறுப்பு எது என்று கேளுங்கள்.

நிர்வாகத்திடம் பணம் கேட்கச் செல்வோருக்கு: நேஸ் என்னும் சர்வதேச அரிப்புப் பொறியியலாளர் அமைப்பு 2016 இல் வெளியிட்ட ஆய்வு, உலகின் ஆண்டு அரிப்புச் செலவை 2.5 திரில்லியன் டொலர் என்றும், தெரிந்த வழிகளைப் பின்பற்றினாலே அதில் 15 முதல் 35 வீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்றும் கணித்தது.

ஏழாம் படி: காத்தல்

கழுவுதலிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அதுவே மிக மலிவானதும் மிக அதிகமாக மறக்கப்படுவதும் ஆகும். சோளக காலத்தில் மாதமொருமுறை, மழை படாத அடிப்பக்கங்களை நன்னீரால் கழுவுங்கள். நன்னீர் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்: கரையோரக் கிணற்று நீரால் கழுவினால், நீர் ஆவியாகி உப்பு எஞ்சும். நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மானி ஒன்றை வாங்கி, தொட்டி நீரைச் சோதித்த பின்னரே குழாயைத் திறவுங்கள். மழைநீர் சேகரிக்கும் தொட்டி இருந்தால் அது இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது.

பெயின்றின் ஆயுளைத் தீர்மானிப்பது பெயின்ற் வாளியல்ல, அதற்கு முந்திய தயாரிப்பு. கறளின் மேலே பூசிய பெயின்ற் கறளை மறைக்குமேயன்றி நிறுத்தாது. முதலில் கழுவி, பின்னர் துகள் வீச்சால் எஸ்ஏ 2½ தரத்துக்கு (ஏறத்தாழ வெற்று உலோகம் தெரியும் அளவுக்கு) சுத்தமாக்குங்கள். கடற்கரை மணலை வீச வேண்டாம்: அது உப்பையும் சேர்த்து அடிக்கும், அதன் சிலிக்காத் தூசு தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கும், கார்னெற் போன்ற வீச்சுப்பொருள் தேவை. கண்ணுக்குத் தெரியாத உப்பை ஒட்டுப்பொட்டுச் சோதனையால் (தகட்டில் ஒட்டிய சிறு பொட்டினுள் நீரேற்றி, அதில் கரைந்த உப்பைப் பார்த்தல்) அளக்கலாம். கப்பல்களின் நிலைப்பு நீர்த் தொட்டிகளுக்குச் சர்வதேச விதி அனுமதிப்பது சதுர மீற்றருக்கு 50 மில்லிகிராம் மட்டுமே, அதனையே நாமும் இலக்காகக் கொள்ளலாம். உருக்கின் வெப்பநிலை பனிபடுநிலையை விடக் குறைந்தது 3 பாகை கூடுதலாகவும், சாரீரப்பதன் 85 வீதத்துக்குக் கீழாகவும் இருக்கும்போதே பூச வேண்டும். எங்கள் ஊரில் இது காலை வெயில் ஏறிய பின் தொடங்கி, மாலைக் கடற்காற்று கனக்குமுன் முடிக்க வேண்டிய வேலை. தகட்டின் விளிம்புகளுக்கும் வெல்டிங் வரிகளுக்கும் போல்ற் தலைகளுக்கும் முதலில் தூரிகையால் ஒரு தனிப்பூச்சு கொடுங்கள். பெயின்ற் கூரான விளிம்பிலிருந்து விலகி மெலியும் இயல்புடையது.

நீரில் மூழ்கியிருக்கும் உருக்குக்குத் தியாக அனோட்டுகள், அதாவது உருக்குக்குப் பதிலாகத் தாமே கரையும் உலோகக் கட்டிகள், சிறந்த காவல். 1824 இல் ஹம்பிரி டேவி கப்பல்களின் செப்புத் தகட்டை இரும்பாலும் துத்தநாகத்தாலும் காத்துக் காட்டிய அதே தத்துவம். பூச்சு இல்லாத 10 சதுர மீற்றர் உருக்குக்கு, வெதுவெதுப்பான கடலில் சராசரியாகச் சதுர மீற்றருக்கு 70 மில்லிஅம்பியர் வேண்டும்; அதாவது ஆண்டுக்கு 6,132 அம்பியர் மணித்தியாலம். அலுமினியக் கலவை அனோட்டின் கொள்திறனைக் கிலோவுக்கு 2,000 என்றும், 80 வீதமே பயன்படும் என்றும் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கிலோ தேவை. வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாய்க்கு எதிராக மறை 800 மில்லிவோல்ற்றை உருக்கு எட்டியிருக்கிறதா என்று அளந்து பார்ப்பதே பாதுகாப்புக்கான சான்று. அனோட்டின் மேல் யாரும் பெயின்ற் பூசக் கூடாது. வள்ளங்களுக்குப் பூசும்போது அழகுக்காகக் கட்டியையும் சேர்த்துப் பூசிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பூசிய கட்டி வெறும் பாரம். மேலும், அனோட் நீருக்கு மேலுள்ள அலை தெறிக்கும் பகுதியைக் காக்காது. அங்கேயே அரிப்பு உச்சமாக இருப்பதால், அந்தப் பட்டைக்குத் தடித்த எப்பொக்சியோ உறையோ தனியாக வேண்டும்.

வேறுவேறு உலோகங்களை இணைக்கும்போது பரப்பைக் கவனியுங்கள். பெரிய ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் தகட்டில் சிறிய இரும்பு போல்ற் இட்டால், போல்ற் விரைவில் கரையும். பெரிய இரும்புத் தகட்டில் சிறிய ஸ்ரெயின்லெஸ் போல்ற் பெரும்பாலும் தாங்கும். ஸ்ரெயின்லெஸ் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்: 304 வகை கரையோரத்தில் கறைபடும், மொலிப்தீனம் கலந்த 316 காற்றில் மேலானது, ஆயினும் தேங்கிய கடல்நீரில் அதுவும் குழி விழும்.

எட்டாம் படி: நாட்காட்டி

அளவீடுகளை ஆண்டுக்கு இருமுறை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். சோளகம் ஓயும் புரட்டாதியில், உப்பு உச்சமாகப் படிந்திருக்கும்போது மேற்பரப்பு உப்பையும் பூச்சின் நிலையையும் பாருங்கள். மாரி ஓய்ந்து இரும்பு காய்ந்திருக்கும் மாசியில் தடிப்பை அளந்து, பெயின்ற் வேலையைப் பங்குனி, சித்திரைக்குத் திட்டமிடுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் எதிரே திகதி, கருவியின் இலக்கம், அளந்தவரின் பெயர் மூன்றும் இருக்கட்டும். அளந்தவர் ஓய்வுபெற்றுச் செல்லும்போது, அடுத்தவரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வட்டத்துக்கும் நேரில் சென்று, அதே குறியில் இருவரும் தனித்தனியே அளந்து, எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே ஏட்டைக் கையளிக்க வேண்டும்.